செல்ப் ஸ்டார்ட்டர் பிறந்த வரலாறு

எளிதில் கைக்கு எட்டிவிட்ட வசதிகளுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. சாவியைத் திருப்பினால் மோட்டார் வண்டி உயிர்பெற்று உறுமுகிறது. இம்மூன்றனுள் இறுதியாகக் கூறியதன் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். இது முடிமன்னரின் வரலாறு அன்று. போர்க்களத்தின் வரலாறும் அன்று. ஆயினும் இதிலும் எலும்பு முறிந்தோர் உண்டு. உயிர் இழந்தோர் உண்டு. விடாமுயற்சியால் வென்றோரும் உண்டு.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஓட்டுநர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். "வண்டி செல்ப் எடுக்கவில்லை" என்பார் ஒருவர். "செல்ப் மோட்டாரைக் கழற்றிப் பாருங்கள்" என்பார் மற்றொருவர். செல்ப் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் 'தான்' என்பது பொருள். பிறர் உதவியின்றித் தானே கிளம்பச் செய்வது என்னும் கருத்தில் இக்கருவிக்குச் செல்ப் ஸ்டார்ட்டர் என்று பெயரிட்டனர். நம்மவர் நாவில் அது செல்ப் என்று சுருங்கியது. ஒரு பொருளின் பெயரிலேயே அதன் வரலாறு பொதிந்திருப்பதுண்டு. 'தானே கிளம்புவது' என்று ஒன்றைச் சிறப்பித்துக் கூறினார்கள் எனின், அதற்கு முன்பு தானே கிளம்பாத ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பழைய நிலை யாது என்பதை முதலில் காண்போம்.

பெட்ரோல் எஞ்சினுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. நீராவி எஞ்சினில் கொதிகலன் சூடேறியிருந்தால், வால்வைத் திறந்தவுடன் சக்கரம் நகரும். மின்மோட்டாரில் மின்சாரம் பாய்ந்தவுடன் சுழற்சி பிறக்கும். பெட்ரோல் எஞ்சினோ அத்தகையது அன்று. காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைச் சிலிண்டர் உள்ளே இழுக்க வேண்டும். அக்கலவையை அழுத்த வேண்டும். அதன்பிறகே பொறி பட்டு அது வெடிக்கும். இழுப்பதற்கும் அழுத்துவதற்கும் எஞ்சின் முன்னமே சுழன்றுகொண்டிருக்க வேண்டும். சுழன்றால்தான் வெடிக்கும், வெடித்தால்தான் சுழலும். இந்த முடிச்சை அவிழ்க்க, வெளியிலிருந்து யாரேனும் முதற் சுழற்சியைக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பார் 1886-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அவ்வண்டியின் பின்புறத்தில் ஒரு பெரிய பிளைவீல் கிடையாகப் பொருத்தப்பட்டிருந்தது. எஞ்சினின் சுழற்சியைச் சீராக்கும் கனத்த சக்கரமே பிளைவீல் எனப்படுவது. அதனைக் கையால் இழுத்துச் சுழற்றியே அவ்வண்டியைக் கிளப்பினர். பின்னர் வந்த கார்களில் முகப்பின் கீழே ஒரு துளை வைத்தார்கள். வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றை அதில் நுழைத்து எஞ்சினைச் சுற்றினார்கள். கிராங்க் என்று வழங்கியது இக்கைப்பிடியே.

சுற்றுவதற்கு வலிமை வேண்டும். அதைவிட மிகுதியாக எச்சரிக்கை வேண்டும். பொறி பிறக்கும் நேரத்தைத் தள்ளிவைக்கும் நெம்புகோல் ஒன்று ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. கைப்பிடியைத் தொடுமுன் அதனை உரிய இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். மறந்தால், பிஸ்டன் மேலேறி முடிப்பதற்கு முன்பே பொறி பாயும். கலவை வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும். எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். அந்த உதையைச் சுற்றுபவரின் மணிக்கட்டே தாங்க வேண்டும். ஆகவே, கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடிக்கவும், கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்கவும் கற்பித்தார்கள். கியரில் நின்ற வண்டியைச் சுற்றினால், அது கிளம்பிச் சுற்றியவர் மீதே ஏறிவிடும் அபாயமும் இருந்தது.

மணிக்கட்டை ஒட்டி ஆரை எலும்பின் முனையில் நேரும் ஒருவகை முறிவுக்கு மருத்துவர்கள் 'ஷோபர் முறிவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஷோபர் என்றால் காரோட்டி. ஒரு தொழிலின் பெயர் ஒரு முறிவின் பெயராக மருத்துவ நூலில் ஏறுகிறது எனின், எத்தனை கைகள் முறிந்திருக்க வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். கைப்பிடி பெரும்பாலும் மறைந்துவிட்ட இந்நாளிலும் அப்பெயர் மருத்துவ நூல்களில் நிலைத்திருக்கிறது.

இத்தொல்லையை ஒழிக்கவேண்டும் என்னும் எண்ணம் பலருக்கு எழுந்தது. சிலர் அழுத்திய காற்றைக் கலத்தில் அடைத்து, அதனைக் கொண்டு எஞ்சினைச் சுழற்றினர். சிலர் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல வலிய சுருள்வில்லை முறுக்கி வைத்தனர். சிலர் அசிட்டிலின் வாயுவைச் சிலிண்டரில் செலுத்தி வெடிக்கச் செய்தனர். மின்சாரத்தை நாடியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் டௌசிங் என்னும் மின்பொறியாளர் 1896-ஆம் ஆண்டிலேயே ஆர்னால்டு என்னும் காரில் ஒரு மின்மோட்டாரைப் பொருத்தினார். அமெரிக்காவில் கிளைட் கோல்மன் என்பார் 1903-ஆம் ஆண்டில் மின் ஸ்டார்ட்டருக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் இவற்றுள் எதுவும் நாடெங்கும் பரவவில்லை. மின்மோட்டாரால் எஞ்சினைச் சுழற்றலாம் என்பது தெரிந்துவிட்டது. ஓட்டுநரின் காலடியில் அடங்கும் அளவுக்குச் சிறியதாகவும், நாள்தோறும் தவறாமல் உழைக்கும் அளவுக்கு உறுதியாகவும் அதனை அமைப்பது எப்படி என்பதே தெரியவில்லை.

இவ்விடத்தில் ஒரு கதை குறுக்கிடுகிறது. டெட்ராயிட் நகரத்தை அடுத்த பெல் தீவின் பாலத்தில் ஒரு பெண்மணியின் கார் நின்றுபோயிற்று, அவ்வழியே வந்த பைரன் கார்ட்டர் என்னும் கார் உற்பத்தியாளர் இறங்கி, அவருக்காகக் கைப்பிடியைச் சுற்றினார், கைப்பிடி உதைத்தது, அந்தக் காயம் அவர் இறப்பில் முடிந்தது, அவருடைய நண்பரும் காடிலாக் நிறுவனத்தின் தலைவருமான ஹென்றி லீலண்ட் மனம் வெதும்பி, "இனி என் கார்கள் எவரையும் கொல்லக்கூடாது" என்னும் கருத்துப்படச் சூளுரைத்தார் என்பது அக்கதை. பல நூல்கள் இதனை 1910-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியாகக் கூறுகின்றன. ஆனால் கார்ட்டர் 1908-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். காயம் எங்கே பட்டது என்பதிலும் நூல்கள் ஒத்துப்போவதில்லை.

வரலாறு பயிலும் மாணவர் இங்கே ஒரு பாடம் பெறலாம். ஒரு கதை உள்ளத்தைத் தொடுகிறது என்பதற்காக அதன் ஒவ்வொரு சொல்லையும் மெய்யென்று கொள்ளலாகாது. ஆண்டில் பிழை இருக்கிறது என்பதற்காக அது சுட்டும் உண்மையைத் தள்ளிவிடவும் ஆகாது. கைப்பிடியால் கைகள் முறிந்தன என்பதற்கு மருத்துவ நூலே சான்று. லீலண்ட் கைப்பிடியை ஒழிக்க முனைந்தார் என்பதற்கு 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரே சான்று. நாம் உறுதியாகப் பற்றிக்கொள்ளவேண்டியவை இவ்விரண்டுமே.

லீலண்ட் நாடிய பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். ஒஹாயோ மாநிலத்தில் 1876-ஆம் ஆண்டில் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். கண்பார்வைக் குறைவால் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. ஆயினும் தளராமல் 1904-ஆம் ஆண்டில் ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். டேட்டன் நகரத்தில் கடைகளுக்கான பணப்பதிவு இயந்திரங்கள் செய்யும் நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே பணிபுரிந்தபோது, கையால் சுழற்ற வேண்டியிருந்த அவ்வியந்திரத்தைச் சிறிய மின்மோட்டாரால் இயங்கும்படி செய்தார். பின்னர் எட்வர்டு டீட்ஸ் என்னும் நண்பரோடு சேர்ந்து, டீட்ஸின் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் சோதனைகள் நடத்தினார். அவர்கள் 1909-ஆம் ஆண்டில் அமைத்த நிறுவனமே டெல்கோ எனப் பெயர் பெற்றது.

பணப்பதிவு இயந்திரத்தில் கற்ற ஒரு பாடம் காருக்கு உதவிற்று. மின் வல்லுநர் பலர், "எஞ்சினைச் சுழற்றத்தக்க மோட்டாரும் பாட்டரியும் காரைப் போலவே பெரியனவாக இருக்கும்" என்று கருதினர். நாள் முழுவதும் ஓயாமல் சுழலும் மோட்டாரை மனத்தில் வைத்து அவர்கள் கணக்கிட்டார்கள். கெட்டரிங் வேறு விதமாக எண்ணினார். பணப்பெட்டியைத் திறக்கும் மோட்டார் ஒரு நொடி உழைக்கிறது; பிறகு நெடுநேரம் ஓய்ந்திருக்கிறது. காரைக் கிளப்பும் மோட்டாரும் சில நொடிகளே உழைத்தால் போதும். தன் தகுதிக்கு மீறிய மின்னோட்டத்தைச் சிறிய மோட்டார் ஒன்று சில நொடிகள் தாங்கும். சூடேறுமுன் வேலையும் முடிந்துவிடும். ஒரு சுமையை ஒரு நாழிகை சுமப்பது வேறு, ஒரே மூச்சில் திண்ணைமேல் தூக்கி வைப்பது வேறு என்பதை நாம் அறிவோம் அல்லவா? அந்த வேறுபாட்டை அவர் பயன்படுத்திக்கொண்டார்.

1911-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவருடைய ஸ்டார்ட்டர் ஒரு காடிலாக் காரில் பொருத்தப்பட்டு வெற்றி கண்டது. 1912-ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் கார்கள் அக்கருவியோடு விற்பனைக்கு வந்தன. அதில் ஒரே இயந்திரம் இரு தொழில் செய்தது. கிளப்பும்போது அது பாட்டரியிலிருந்து மின்சாரம் பெற்று மோட்டாராகச் சுழன்றது. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் டைனமோவாக மாறிப் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டியது. கிளப்புவதற்கு 24 வோல்ட். பாட்டரிக்கு ஊட்டுவதற்கும் விளக்குக்கும் 6 வோல்ட். எடுத்ததைத் திருப்பித் தரும் இவ்வேற்பாடு இருந்ததனாலேயே, நாள்தோறும் எத்தனை முறை கிளப்பினும் பாட்டரி வற்றாமல் இருந்தது. இப்பணிக்காக லண்டனிலுள்ள ராயல் ஆட்டோமொபைல் கிளப் 1912-ஆம் ஆண்டுக்குரிய டூவர் கோப்பையைக் காடிலாக்குக்கு வழங்கியது. கெட்டரிங்கின் காப்புரிமை 1915-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இத்துடன் கதை முடிந்தது என்று கருதுவோர் பலர். உண்மையில் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

பிளைவீலின் விளிம்பில் பற்கள் உள்ள வளையம் ஒன்று உண்டு. ரிங் கியர் என்பது அதன் பெயர். ஸ்டார்ட்டரின் தண்டில் பினியன் என்னும் சிறிய பற்சக்கரம் உண்டு. எடுத்துக்காட்டாக, ரிங் கியருக்கு 120 பற்களும் பினியனுக்கு 10 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பினியன் 12 முறை சுற்றினால் பிளைவீல் ஒரு முறை சுற்றும். இதனால் சிறிய மோட்டாரின் முறுக்குவிசை 12 மடங்காகப் பெருகுகிறது. நல்லதே. ஆனால் எஞ்சின் கிளம்பிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடும்போது பினியன் இன்னும் பொருந்தியே இருந்தால், அது 12,000 சுற்று ஓடவேண்டும். மோட்டாரின் சுருள்கள் பிய்ந்து சிதறிவிடும். ஆகவே பினியன் வேண்டியபோது ரிங் கியரோடு பொருந்தவும் வேண்டும். வேலை முடிந்த அந்த நொடியிலேயே விலகவும் வேண்டும். பொருந்துதல், விலகுதல் என்னும் இவ்விரண்டும் செவ்வனே அமைந்த பிறகே ஸ்டார்ட்டர் எளிய மக்களின் காரிலும் இடம் பெற்றது.

கெட்டரிங்கின் அமைப்பில் ஓட்டுநரே மிதிகட்டையை அழுத்திப் பற்சக்கரங்களைப் பொருத்தினார். ஒருபுறம் மட்டுமே பற்றும் கிளட்ச் ஒன்று, எஞ்சின் முந்திக்கொண்டபோது பற்றை விட்டது. இது நன்கு உழைத்தது. ஆனால் விலை மிகுந்தது. எளிய வழி ஒன்றைப் பரப்பியவர் வின்சென்ட் பெண்டிக்ஸ். அவர் 1914-ஆம் ஆண்டில் எல்மைரா நகரத்திலுள்ள எக்லிப்ஸ் இயந்திர நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு அக்கருவியைச் செய்வித்தார். இன்றும் நம் மெக்கானிக்குகள் பினியன் தொகுதியைப் 'பெண்டிக்ஸ்' என்றே சொல்வார்கள். ஒரு மனிதரின் பெயர் ஓர் உறுப்பின் பெயராகவே நிலைத்துவிட்டது.

அதன் தத்துவத்தை ஒரு போல்ட்டும் நட்டும் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். போல்ட்டில் தளர்வாக ஏறியிருக்கும் நட்டு ஒன்றை எண்ணுங்கள். போல்ட்டைச் சடக்கென்று சுழற்றினால், நட்டு அதனோடு உடனே சுழலாது. தன் கனத்தால் பின்தங்கி, மரையின் வழியே முன்னேறும். பெண்டிக்ஸ் அமைப்பில் தண்டே மரையுள்ள போல்ட், பினியனே நட்டு. மோட்டார் திடீரெனச் சுழன்றதும் பினியன் மரைவழியே ஓடி ரிங் கியரைப் பற்றுகிறது. எஞ்சின் கிளம்பி ரிங் கியர் விரைந்ததும், பினியன் தண்டைவிட வேகமாகச் சுழன்று, அதே மரைவழியே திரும்பி ஓடிவிடுகிறது. ஓட்டுநர் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. 1908-ஆம் ஆண்டு முதல் கைப்பிடியோடு விற்ற போர்டு நிறுவனத்தின் 'டி' வகைக் காரிலும் 1919-ஆம் ஆண்டில் மின் ஸ்டார்ட்டர் இடம் பெற்றது. கைவலிமை இல்லாதாரும் முதியோரும் பிறர் துணையின்றிக் காரோட்டும் நிலை பரவலாயிற்று. கைப்பிடி வேண்டாத மின்சாரக் கார் அக்காலத்தில் ஓரளவு செல்வாக்கோடு விளங்கியது. பெட்ரோல் கார் இக்குறையைத் தீர்த்துக்கொண்டதும், மின்சாரக் கார் பின்தங்கியதற்கான காரணங்களுள் ஒன்றாயிற்று.

பெண்டிக்ஸ் முறையிலும் ஒரு குறை இருந்தது. சுழன்றுகொண்டே பாயும் பினியன், நின்றுகொண்டிருக்கும் ரிங் கியரின் மீது மோதிப் பொருந்தியது. மோத மோதப் பற்கள் தேய்ந்தன. ஆகவே பின்வந்தோர், "முதலில் பொருத்து, பிறகு சுழற்று" என்னும் முறையைக் கையாண்டனர். ஸ்டார்ட்டரின் முதுகில் சொலினாய்டு என்னும் மின்காந்தம் அமர்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் அது ஒரு நெம்புகோலை இழுக்கிறது. நெம்புகோல் பினியனைத் தள்ளி ரிங் கியரில் நுழைக்கிறது. நுழைந்த பிறகே பெரிய மின்னோட்டம் மோட்டாருக்குச் செல்கிறது. பல்லுக்கு நேரே பல் நின்றுவிட்டால், ஒரு சுருள்வில் அமுங்கிக் காத்திருந்து, சற்றே சுழன்றதும் பினியனை உள்ளே செலுத்துகிறது. 1949-ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனம் தனிப் பொத்தானையும் நீக்கி, சாவியைத் திருப்பினாலே கிளம்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

இந்த வரலாற்றை அறிந்தவருக்கு, பழுதுபட்ட ஸ்டார்ட்டரின் ஒலி ஒரு மொழியாகவே விளங்கும். சாவியைத் திருப்பும்போது டிக் டிக் என்று மட்டும் ஒலித்தால், பெரும்பாலும் பாட்டரியில் வலுவில்லை. அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கிறது. விர்ரென்று மோட்டார் மட்டும் சுழன்று எஞ்சின் அசையாமல் இருந்தால், பினியன் பொருந்தவில்லை. அல்லது ஒருபுறம் பற்றும் கிளட்ச் வழுக்குகிறது. கரகரவென்று இரும்பை இரும்பு அரைக்கும் ஒலி எழுந்தால், பல்லோடு பல் செம்மையாகப் பொருந்தாமல் உரசுகிறது என்பது பொருள். எஞ்சின் கிளம்பிய பிறகும் அவ்வொலி நீடித்தால், பொருந்தியது விலகவில்லை என்பது பொருள். பழைய பொறியாளர்கள் போராடிய இடமும் நம் பட்டறையில் ஓசை எழும் இடமும் ஒன்றே.

அரைக்கும் ஒலி எப்போதும் எழாமல் சிற்சில வேளை மட்டும் எழுவதும் உண்டு. இதற்கும் காரணம் இருக்கிறது. நிறுத்திய எஞ்சின் எந்த இடத்திலும் நிற்பதில்லை. சிலிண்டரில் அழுந்தும் காற்று பிஸ்டனைத் தடுப்பதால், நான்கு சிலிண்டர் எஞ்சினின் பிளைவீல் பெரும்பாலும் இரண்டே நிலைகளில் ஒன்றில்தான் வந்து நிற்கும். ஆகவே ஆண்டுக்கணக்கில் ரிங் கியரின் அவ்விரண்டு இடங்களே அடிபட்டுத் தேய்கின்றன. சாவியை விலக்கிவிட்டு, வண்டியைக் கியரில் வைத்துச் சற்றே முன்னே தள்ளி, மீண்டும் நியூட்ரலில் வைத்துக் கிளப்பிப் பார்க்க வேண்டும். ஒலி மறைந்தால் தேய்வு ரிங் கியரில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

எந்நிலையிலும் ஒலி எழுந்தால் என்ன செய்வது? பலர் உடனே புதிய ஸ்டார்ட்டரை வாங்கிவிடுகிறார்கள். புதியதும் அரைக்கிறது, கடைக்காரரைக் குறை கூறுகிறார்கள். உண்மையில் முதலில் காணவேண்டியவை அதனைத் தாங்கும் போல்ட்டுகளே. பல கார்களில் அவை இரண்டு, சிலவற்றில் மூன்று.

அவற்றின் பொறுப்பு எத்தகையது என்பதை நோக்குங்கள். பினியன் பிளைவீலை ஒரு திசையில் தள்ளும்போது, பிளைவீல் அதே விசையோடு பினியனை எதிர்த்திசையில் தள்ளுகிறது. விசையும் எதிர்விசையும் ஒத்தவை என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அந்த எதிர்விசை முழுவதும் ஸ்டார்ட்டரின் உடலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில்தான் வந்து விழுகிறது. மேலும், பற்கள் சாய்வாக ஒன்றையொன்று அழுத்துவதால் இரு சக்கரங்களும் தம்முள் விலகவும் முயல்கின்றன. ஒரு போல்ட் தளர்ந்தால் ஸ்டார்ட்டர் சற்றே சாய்கிறது, பினியன் சாய்ந்து பல்லின் நுனியில் மட்டும் பற்றுகிறது, நுனி தேய்கிறது, கரகரப்பு பிறக்கிறது. அதனைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், சில சமயம் ஸ்டார்ட்டரின் வார்ப்பு மூக்கே உடைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பல கார்களில் ஸ்டார்ட்டருக்குச் சென்ற மின்சாரம் எஞ்சினின் உடல் வழியாகத்தான் பாட்டரிக்குத் திரும்புகிறது. அமரும் முகத்தில் துருவும் அழுக்கும் இருந்தால் மின்சாரத்தின் பாதையும் கெடுகிறது.

எனவே முறை இதுதான். முதலில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இதனைச் செய்யாமல் ஸ்பேனரை உள்ளே நீட்டுவது தீயோடு விளையாடுவதாகும். வண்டி நகராதபடி கட்டை கொடுக்க வேண்டும். அடியில் நுழையவேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். போல்ட் தளர்ந்திருக்கிறதா, முறிந்திருக்கிறதா, அது ஏறும் மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமரும் முகங்கள் இரண்டையும் துடைத்துத் துருவை நீக்க வேண்டும். பினியனின் பற்களையும், பிளைவீலை மெல்லச் சுழற்றி ரிங் கியரின் பற்கள் யாவற்றையும் நோக்க வேண்டும். பிறகு, கார் செய்தவர் குறித்த அளவுக்கு, முறுக்குவிசையைக் காட்டும் ஸ்பேனர் கொண்டு இறுக்க வேண்டும். குறைவாக இறுக்கினால் தளரும். கூடுதலாக இறுக்கினால் மரை அழியும்.

எந்தப் போல்ட் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் எஞ்சின்கள் பலவற்றில், ஸ்டார்ட்டர் போல்ட்டின் உடலில் ஒரு பகுதி சொரசொரப்பாக வரியிடப்பட்டிருக்கும். அழகுக்காக அமைந்த வரி அன்று அது. துளையில் அசைவின்றி நின்று, ஸ்டார்ட்டரைத் தன் இடத்தில் துல்லியமாக நிறுத்துவதற்காக அமைந்தது. அதற்குப் பதிலாக, மரை ஒத்திருக்கிறது என்று கருதி வழவழப்பான சாதாரணப் போல்ட்டைப் போட்டால், ஸ்டார்ட்டர் இறுக்கமாக நிற்பதுபோல் தோன்றும். ஆனால் மயிரிழை விலகி நிற்கும். அந்த எஞ்சின்களில் பினியனுக்கும் ரிங் கியருக்கும் உள்ள இடைவெளியைத் திருத்த, ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை ஸ்டார்ட்டரின் அடியில் வைப்பதும் உண்டு. எஞ்சின் கிளம்புமுன் கீச்சென்ற ஒலி எழுந்தால் இடைவெளி மிகுதி; கிளம்பியபின் சாவியை விடும் வேளையில் எழுந்தால் இடைவெளி குறைவு. மிகுதியாயின் தகட்டை எடுக்க வேண்டும். குறைவாயின் தகட்டைச் சேர்க்க வேண்டும். செவியே அளவுகோலாகும் அழகை இங்கே காண்கிறோம்.

மயிரிழை அளவுக்கு இத்தனை மதிப்பா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை லீலண்டின் வாழ்விலேயே இருக்கிறது. அவர் இளமையில் துப்பாக்கித் தொழிற்சாலைகளிலும், நுண்ணளவுக் கருவிகள் செய்த பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்திலும் பணிபுரிந்தவர். அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி அளக்கும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது. ஸ்டார்ட்டருக்குக் கிடைத்த கோப்பைக்கு முன்பே, 1908-ஆம் ஆண்டில், அதே டூவர் கோப்பை காடிலாக்குக்கு ஒருமுறை கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயச் சாலையில் மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகப் பிரித்தார்கள். உறுப்புகளை எல்லாம் ஒன்றாகக் கலந்தார்கள். பின் அக்குவியலிலிருந்தே மூன்று கார்களை மீண்டும் பூட்டினார்கள். அராவவோ தட்டிப் பொருத்தவோ இல்லை. அவை 500 மைல் ஓடிக்காட்டின. எந்த உறுப்பும் எந்தக் காரிலும் பொருந்தும் என்னும் துல்லியம் அங்கே நிலைநாட்டப்பட்டது. அந்தத் துல்லியம் ஒரு தொழிற்சாலையில் முன்னமே குடிகொண்டிருந்ததால்தான், கெட்டரிங்கின் எண்ணம் அங்கே ஆயிரக்கணக்கான கார்களில் உருப்பெற முடிந்தது. டௌசிங்குக்கும் கோல்மனுக்கும் எண்ணம் இருந்தது. அதனைத் தாங்கும் இத்தகைய தொழிற்சாலை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

நம் நாட்டிலும் இத்துல்லியம் வேரூன்றியது. இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் நம் டிவிஎஸ் நிறுவனமும் இணைந்து 1961-ஆம் ஆண்டில் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தை அமைத்தன. சென்னையை அடுத்த பாடியில் எழுந்த அதன் தொழிற்சாலையிலிருந்து ஸ்டார்ட்டர்கள் நாடெங்கும் சென்றன. நம் தொழிலாளர் கைகள் அவற்றைச் செய்தன. சிற்றூர்ப் பட்டறைகளில் நம் இளைஞர் கைகள் அவற்றைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டன. இன்று மின்சாரக் கார்கள் மீண்டும் சாலைக்கு வந்துள்ளன. அவற்றுக்கு ஸ்டார்ட்டர் வேண்டுவதில்லை. ஆயினும் இன்று ஓடும் கோடிக்கணக்கான பெட்ரோல், டீசல் வண்டிகளில், ஒவ்வொரு காலையும் பினியன் ரிங் கியரைத் தேடிச் செல்கிறது.

மாணவ நண்பர்களே, வரலாற்று நூல்களில் பெரும் பெயர்களைப் படிக்கிறோம். அது வேண்டியதே. ஆனால் கெட்டரிங்கின் பெயரைச் சொல்லும் நாவு, அவர் கருத்தை இடத்தில் நிறுத்தி வைத்திருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் மறக்கலாகாது. மாட்டுவண்டியின் சக்கரம் கழன்று ஓடாமல் காப்பது ஒரு சிறு கடையாணிதான் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பெரிய எண்ணமும் சிறிய ஆணியும் சேர்ந்தே ஒரு மனிதனின் மணிக்கட்டைக் காப்பாற்றின. நீங்கள் நாளை பொறியாளர் ஆகலாம்; ஆசிரியர் ஆகலாம்; பட்டறை நடத்தலாம். எத்தொழில் செய்யினும், பழுது என்று வந்தால் பொருளை மாற்றுமுன் அது அமர்ந்திருக்கும் இடத்தை நோக்குங்கள். ஒலியைக் கேளுங்கள், காரணத்தைத் தேடுங்கள், அளவறிந்து இறுக்குங்கள்.